நேரம் தவறாப் பயணத்தின் மதிப்பு

போக்குவரத்துத் திட்டங்களின் பயனை மதிப்பிடுகையில், பயண நேரம் எவ்வளவு குறையும் என்பதே பெரும்பாலும் முதலில் கணக்கிடப்படுகிறது. ஆனால் பயணிக்கு விரைவு மட்டும் போதாது. குறித்த நேரத்தில் சென்று சேரலாம் என்ற உறுதியும் வேண்டும். இவ்வுறுதிக்கு ரயில் பயணிகள் தரும் மதிப்பை அளவிடப் பொருளியலார் கையாளும் முறைகள், ரயிலே இல்லாத அந்தமானின் லாங் ஐலண்டுக்கும் பொருந்துவனவாகும்.

மத்திய அந்தமானை அடுத்துள்ள இத்தீவுக்குக் கடல்வழியே போக்குவரத்து. தீவு மக்கள் படகில் எரட்டா துறைக்கு வந்து, ரங்கத் சென்று, அந்தமான் பெருஞ்சாலை வழியாக ஸ்ரீ விஜயபுரத்தை (2024 வரை போர்ட் பிளேர்) அடையலாம். அச்சாலையில் ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தின் ஊடே வாகனங்கள் குறித்த நேரங்களில், அணியாகவே அனுப்பப்படுகின்றன. எனவே படகு அரைமணி தாமதித்தால் இழப்பு அரைமணியோடு நிற்பதில்லை. ஓர் அணி தவறினால் அடுத்த அணிக்குக் காத்திருக்க நேரும். இதற்கு அஞ்சி, மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளி முதல்நாளே புறப்பட்டால், தங்கும் செலவும் ஒருநாள் ஊதிய இழப்பும் அவரையே சாரும்.

முன்னதாகச் சேர்வதற்கும் பிந்திச் சேர்வதற்கும் தனித்தனிச் செலவு உண்டு என்ற கருத்தை வில்லியம் விக்ரி 1969-லும் கென்னத் ஸ்மால் 1982-லும் தம் ஆய்வுகளில் கையாண்டனர். அதன் உட்பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு படகு நாள்தோறும் 60 நிமிடத்தில் சேர்கிறது எனக் கொள்வோம். மற்றொன்று ஐந்து நாட்களில் நான்கு நாள் 50 நிமிடமும், ஒருநாள் 100 நிமிடமும் எடுக்கிறது. இரண்டின் சராசரியும் 60 நிமிடமே. எனினும் இணைப்புப் பேருந்தைத் தவறவிட இயலாதவர், இரண்டாம் படகுக்கு நாள்தோறும் 100 நிமிடம் ஒதுக்கியாக வேண்டும். நான்கு நாட்கள் 50 நிமிடம் வீணே காத்திருக்க வேண்டும்.

இவ்விரு படகுகளையும் வெவ்வேறு கட்டணங்களுடன் பயணிகள்முன் வைத்து, எதைத் தேர்வர் எனக் கேட்பது ஒரு மதிப்பீட்டு முறை. முதற்படகுக்கு 8 ரூபாய் கூடுதலாகத் தர ஒருவர் இசைந்தால், அத்தொகை உறுதியின் விலையே. ஏனெனில் சராசரி நேரம் ஒன்றே. இரண்டாம் படகின் திட்ட விலக்கம் 20 நிமிடம். ஆகவே ஒரு நிமிட விலக்கத்தின் மதிப்பு 40 காசு. அவர் ஒரு நிமிடப் பயண நேரச் சேமிப்பை 50 காசாக மதிப்பவராயின், நம்பக விகிதம் 0.8 ஆகும்.

இம்முறையில் எச்சரிக்கையும் தேவை. சொல்லில் தெரிவிக்கும் விருப்பம் செயலிலிருந்து வேறுபடக்கூடும். வருவாய் குறைந்தோர் குறைந்த தொகையையே கூறுவர். அதனால் அவர்தம் தேவை குறைந்ததென்று கொள்ளலாகாது.

பருவமழைக் கடலை எத்திட்டமும் அடக்க இயலாது. ஆயினும் மாற்றுப் படகு ஒன்றை ஆயத்தமாக வைப்பதும், பயண ரத்தை முன்கூட்டி அறிவிப்பதும் இயலக்கூடியவை. சராசரி நேரத்தை மட்டும் நோக்கும் கணக்கில் இவற்றின் பயன் மிகச் சிறிதாகவே தோன்றும். உறுதியையும் மதிப்பிட்டால்தான், தொலைதூரத் தீவினரின் உண்மையான இழப்பு திட்டக் கணக்கில் இடம்பெறும்.