நடுகல்லில் உறையும் வழக்குகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர்களில் பழங்கொலை வழக்குகள் பல, மரத்தடியில் எண்ணெயும் மஞ்சளும் பூசிக்கொண்டு நிற்கின்றன. ஊரார் அவற்றை வேடியப்பன் என வணங்குகின்றனர். தொல்லியலார் நடுகல் என்கின்றனர். இறந்தவன் யார், எதனால் இறந்தான், எந்த அரசன் காலத்தில் என்னும் வினாக்களுக்குக் கல்லே விடை ஏந்தி நிற்கிறது. படிக்கத் தெரிந்த ஒரு துப்பறிவாளன் வந்து சேரவேண்டும், அவ்வளவே.

அவ்வாறு வருபவன் முதலில் பார்க்கவேண்டியது எழுத்தை அன்று, வீரனின் உடலை. இடக்கையில் வில்லும் வலக்கையில் குறுவாளும் இருக்க, மார்பிலும் தொடையிலும் அம்பு தைத்திருந்தால் அவன் பொருது பட்டவன். அருகே மாடுகள் செதுக்கப்பட்டிருந்தால் அது ஆகோள் வழக்கு: நிரை கவர வந்தவர்க்கும் மீட்கப் போனவர்க்கும் நடந்த சண்டை. வீரன் எதிரே புலி பாய்ந்தால் புலிகுத்திக் கல். பன்றியானால் பன்றிகுத்திக் கல். குற்றவாளியைப் பட்டவனோடு சேர்த்தே வடித்துவைக்கும் இந்த நேர்மை வியப்புக்குரியது. தன் கையாலேயே தன் கழுத்தில் வாளை வைத்து நிற்கும் உருவமோ நவகண்டம். அங்கே கொன்றவனைத் தேடுதல் வீண்; அவன் தன்னையே பலி தந்தவன்.

உடலுக்குப் பிறகே எழுத்து. முற்காலக் கற்களில் வட்டெழுத்து இருக்கும். அரசன் பெயரும் அவனது ஆட்சியாண்டும் பெரும்பாலும் முதலில் வரும். இந்த எல்லை நிலத்தில் கங்கர், நுளம்பர், இராட்டிரகூடர், சோழர், போசளர் எனப் பலர் மாறிமாறி மேலாண்மை கொண்டனர். 13ஆம் நூற்றாண்டில் போசள இராமநாதன் குந்தாணியில், அதாவது வேப்பனப்பள்ளிப் பக்கத்துச் சின்னகொத்தூரில், இருந்து ஆண்டான். ஆகவே இந்த வட்டாரத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கற்களில் கலந்தே கிடைக்கின்றன. ஒரு மொழி மட்டும் அறிந்தவனின் ஆய்வு பாதி வழியில் நின்றுவிடும். ஓசூர்க் கடைத்தெருவில் மும்மொழியும் பேசி வளர்ந்தவருக்கு இத்துறையில் இயல்பாகவே ஒரு கை கூடுதல் என்பது என் துணிபு.

எண்ணெய்ப் படலத்தின் கீழ் மங்கிய எழுத்தை எவ்வாறு மீட்பது? கம்பித் தூரிகையால் தேய்ப்பது சான்றை அழிப்பதாகும். பூசை செய்யும் பெரியவரிடம் இசைவு பெற்று, நீர் ஊற்றி மென்மையாகத் துடைத்தாலே போதும். பின்னர் ஒளியிடம் உதவி கேட்கவேண்டும். ஒரு மில்லிமீட்டர் ஆழமுள்ள எழுத்தின் விளிம்பு, கல்பரப்புக்கு 45 பாகைக் கோணத்தில் விழும் ஒளியில் ஒரு மில்லிமீட்டர் நிழலையே தரும். கோணம் 10 பாகையாகத் தாழ்ந்தால் அவ்விளிம்பே ஐந்தரை மில்லிமீட்டருக்கு மேல் நிழல் வீசவல்லது. கீற்று முழுவதும் இருளால் நிரம்பிவிடும். அதனால்தான் நேரெதிரே ஒளி விழும்போது வழுவழுப்பாகத் தோன்றும் கல், ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது பேசத் தொடங்குகிறது. மர நிழலில் நிற்கும் கல்லுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியால் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பலாம். அதன்பின் மைப்படி: நனைத்த தாளைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களில் இறக்கி, மையொற்றினால் எழுத்து வெண்மையாகவும் சூழ்நிலம் கருமையாகவும் எழும்.

இப்பணியைப் பட்டம் பெற்றவர் மட்டுமே செய்யவேண்டும் என்பதில்லை. எல்லைக்கு அப்பால் பெங்களூரின் ஹெப்பாளில், 2018இல் வடிகால் தோண்டியபோது கிட்டய்யா என்னும் வீரனின் கல் வெளிப்பட்டது. ஏறத்தாழக் கி.பி. 750ஐச் சார்ந்த அக்கன்னடக் கல்லைக் காக்க முனைந்தவர்களில் முன்நின்ற உதயகுமார் தொழிலால் பொறியாளர். நகரின் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் படியெடுக்கும் பணியும் பின்னர் அங்கே தொடங்கியது. ஓசூர்ச் சாலையை அடுத்த பேகூரின் நடுகல்தான் பெங்களூர் என்ற பெயரையே முதன்முதலில் நமக்குக் காட்டுகிறது.

நான் மிக விரும்பும் வழக்கு ஊத்தங்கரைக்கு அப்பால், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் இருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளின் பொருட்டுக் கருந்தேவக்கத்தி என்பவன் பட்டான். அவனது நாய் கள்வர் இருவரைக் கடித்துத் தலைவனுக்குக் காவலாக நின்றது. கல்லில் வீரனுக்குப் பின்னே அந்நாயும் நிற்கிறது. கோவிவன் என்னும் அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். கண்ணால் கண்ட சாட்சி நாயே என்றாலும் அதன் பெயரை விட்டுவிடாமல் எழுதிய அவ்வூரார்மீது எனக்குப் பெருமதிப்பு.

இன்று தொழிற்பேட்டைகளும் மனைப்பிரிவுகளும் விரியும் நிலத்தில், இத்தகைய கல் எதிர்ப்பட்டால், அதைத் தூக்கி ஓரமாக வைக்கும் நல்லெண்ணமே வழக்கைக் கெடுத்துவிடும். ஊரெல்லையா, ஏரிக்கரையா, மாடு போன பழவழியா என்று கல் நின்ற இடமும் அது நோக்கிய திசையும் எழுத்தில் இல்லாத செய்தியைச் சொல்வன. நின்ற நிலையிலேயே நாற்புறமும் படம் எடுத்து, புல எண்ணைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலோ தெரிவிக்கவேண்டும். அதற்குள் பக்கத்து வீட்டு மூதாட்டியிடம், அந்தக் கல்லுக்கு எந்த மாதத்தில் யார் வீட்டார் பொங்கல் வைப்பார்கள் என்று கேட்டு எழுதிவைப்பதும் நன்று.