பதினைந்தாயிரத்தில் நின்றுபோன பென்ஷன்

பி.எஃப். பிடிக்கிறார்கள், அதனால் கடைசிக் காலத்துக்கு பென்ஷன் வந்துவிடும் என்று நம்பும் தொழிலாளி, சம்பளச் சீட்டை ஒருமுறை கூர்ந்து பார்ப்பது நல்லது. தொழிலாளி பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். முதலாளி கட்டுவதில் 8.33 சதவீதம் பி.எஃப். கணக்குக்கு வராது. அது 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். அதுவும் 15,000 ரூபாய்ச் சம்பளம் வரைதான் கணக்கு. 30,000 வாங்கினாலும் மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் பொதுவாக அங்கே சேராது.

இந்த உச்சவரம்பு 2001-இல் 6,500 ரூபாய். 2014 செப்டம்பரில் 15,000 ஆனது. அதன்பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை. வீட்டு வாடகை அப்படியா இருந்தது?

பென்ஷன் கணக்கு எளிது. சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். முழு 15,000-க்கு 30 ஆண்டு உழைத்தால், 20 ஆண்டு முடித்தவருக்குச் சேர்க்கும் கூடுதல் இரண்டு ஆண்டையும் கூட்டி, மாதம் சுமார் 6,857 ரூபாய். இப்போது ஓய்வு பெறுபவருக்கு அதுவும் கிடைக்காது. 2014-க்கு முந்தைய பணிக்காலத்துக்குப் பழைய 6,500 ரூபாய் வரம்புதான். பஞ்சப்படியும் கிடையாது. முதல் மாதம் வாங்கிய தொகையையே கடைசிவரை வாங்க வேண்டும்.

வரம்புக்குக் கீழே சம்பளம் வாங்குபவர் பாடு இன்னும் மோசம். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, மிச்சத்தை அலவன்ஸ் என்று பிரித்துக் காட்டுவது பல நிறுவனங்களின் பழைய வித்தை. எல்லாருக்கும் பொதுவாகத் தரும் படிகளையும் பி.எஃப். கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டும் வித்தைக்குத் தொழிலாளியே ஒத்துப்போவதும் உண்டு. பிடித்தம் குறைந்தால் கைக்கு வரும் காசு கூடுமே! அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளம் உயராத வீட்டில், முப்பது வருடம் கழித்து வரும் பணத்தைவிட இந்த மாத வட்டிதான் அவசரம்.

அதே அவசரத்தில்தான் கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப்.பை எடுத்துவிடுகிறார்கள். கூடவே பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால் அதுவரை பார்த்த பணிக்காலம் கணக்கில் நிற்காது. பத்து ஆண்டு பணிக்காலம் இல்லாதவருக்கு ஓய்வுக்கால மாத பென்ஷன் கிடையாது.

பத்தாண்டைத் தாண்டியவருக்குக் குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014-இல் நிர்ணயித்தார்கள். ஒரு பைசாகூடக் கட்டாத ஏழை முதியவருக்குத் தமிழ்நாடு அரசு தரும் உதவித்தொகையை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தியபோதும், கட்டியவருக்கான இந்தக் குறைந்தபட்சம் ஆயிரமாகவே இருந்தது.