மழை வந்தால் எரியும் சிவப்பு விளக்கு
பழைய ஹைபிரிட் கார்களில் மின்கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

சித்தூர்:

திருமலையில் தரிசனம் முடித்து, 1944-ல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை வழியாக ஒரு குடும்பம் காரில் இறங்கி வருவதாக வைத்துக்கொள்வோம். ஐப்பசி மழை. பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் பழைய ஹைபிரிட் கார். திடீரென டிரைவரின் எதிரே சிவப்பு முக்கோண விளக்கு எரிகிறது. கார் ஓடுகிறது, திருப்பதியில் நிறுத்திய பின் மறுபடி கிளம்ப மறுக்கிறது.

"பாட்டரி போய்விட்டது, மாற்றுங்கள்" என்று சொல்வது சுலபம். பெருந்தொகை கொடுத்து மாற்றியபின் அடுத்த மழையில் அதே விளக்கு எரிந்தால் யாரைக் கேட்பது?

இந்தியாவில் 2008-ல் ஹோண்டா சிவிக், 2010-ல் டொயோட்டா பிரியஸ், 2013-ல் கேம்ரி ஆகிய ஹைபிரிட் கார்கள் விற்பனைக்கு வந்தன. அந்தப் பிரியஸ் காரின் பாட்டரியில் 7.2 வோல்ட் கொண்ட 28 அடுக்குகள், மொத்தம் 201.6 வோல்ட். அதை 650 வோல்ட் வரை உயர்த்தி மோட்டாருக்கு அனுப்புகிறார்கள். ஆளைக் கொல்ல இது தாராளம்.

போர் மோட்டார் பாடம்

நம் பக்கத்து விவசாயிகளுக்கு இந்தக் கோளாறு புதிதல்ல. போர் மோட்டாரில் தண்ணீர் புகுந்து 'பாடி'யில் கரண்ட் கசிவது போன்றதே இதுவும். ஒரு வித்தியாசம் உண்டு. காரின் உயர்மின் சுற்று உடலோடு எங்குமே சேர்வதில்லை. ஓரிடத்தில் மட்டும் கசிந்தால் உடனே ஷாக் அடிக்காது. இன்னொரு முனையிலும் கை பட்டால்தான் ஆபத்து. அதனால் முதல் கசிவிலேயே கம்ப்யூட்டர் எச்சரித்துவிடுகிறது.

சோதிக்கும்போது முதலில் 12 வோல்ட் சிறிய பாட்டரியைப் பார்க்க வேண்டும். அது தளர்ந்திருந்தால் கம்ப்யூட்டர் ஏதேதோ பொய்க் குற்றங்களைச் சொல்லும். (பாட்டரித் தொழிற்சாலை உள்ள கரக்கம்பாடிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.) பிறகு குறியீடு. டொயோட்டாவில் 'பி0ஏஏ6' என்றால் மின்கசிவு. கூடவே வரும் எண் இடத்தைக் காட்டும்: 611 ஏ.சி. பகுதி, 612 பாட்டரி, 613 மோட்டார் இருக்கும் கியர் பெட்டி, 614 மற்ற உயர்மின் பகுதி. 526 மட்டும் வந்தால் இடம் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள்.

611 என்றால், ஏ.சி.க்கு எங்கே காஸ் நிரப்பினீர்கள் என்று உரிமையாளரைக் கேட்பது நல்லது. மின்சாரக் கம்ப்ரசருக்கு மின்கடத்தாத தனி எண்ணெய் வேண்டும். சாதாரண எண்ணெயை ஊற்றிவிட்டால் கசிவு தொடங்கிவிடும். வண்டி வெள்ளத்தில் நின்றதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்கள் பட்ட பாடு தெரிந்ததே.

சாதாரண மல்டிமீட்டர் இதைக் காட்டாது. சில வோல்ட் அழுத்தத்தில் நல்லதாகத் தெரியும் இன்சுலேஷன், 500 வோல்ட்டில் தோற்றுவிடும். ரீவைண்டிங் கடைகளில் இருக்கும் மெக்கர்தான் இதற்கும் கருவி. ஆனால் ஆரஞ்சு நிறக் கேபிள்களை இன்வர்ட்டரிலிருந்து கழற்றிய பிறகே மெக்கர் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே உள்ள எலக்ட்ரானிக்ஸ் போய்விடும்.

பாட்டரிப் பெட்டியில் பெரும்பாலும் ஓர் அடுக்கிலிருந்து காரத் திரவம் ஒழுகி இரும்புத் தகட்டைத் தொட்டிருக்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் பெட்டி உடலுக்கும் இடையே வோல்ட் அளந்துகொண்டே போனால், பூஜ்யத்தை நெருங்கும் இடத்தில் குற்றவாளி இருக்கிறான். பாட்டரியைக் குளிரவைக்கும் காற்றுத்துளை பின் இருக்கையின் அருகே உள்ளது. அதை யாத்திரைப் பைகளால் அடைத்துவிடுவோரே அதிகம். சூடு ஏறினால் அடுக்குகள் சீக்கிரம் கெடும்.

எதைத் தொடும் முன்பும் வண்டியை அணைத்து, 12 வோல்ட் ஒயரைக் கழற்றி, 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை அணிந்து சர்வீஸ் பிளக்கை எடுக்க வேண்டும். கையுறையில் ஊசித்துளை உண்டா என்று காற்றடைத்துச் சுருட்டிப் பார்ப்பது வழக்கம். பிறகு பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கண்டென்சரில் தேங்கிய மின்சாரம் இறங்க அவ்வளவு நேரமாகும். அப்போதும் பாட்டரிப் பெட்டிக்குள் மின்சாரம் செத்திருக்காது. கழற்றிய பிளக்கை மேஜைமேல் வைக்காமல் மெக்கானிக் தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொள்வார். ஒர்க்ஷாப் பையன் யாராவது தெரியாமல் எடுத்து மாட்டிவிடக் கூடாதல்லவா!