கவாத்துக்கு முன்பே நிறையும் வேர்

மலேசியாவின் கேமரன் மலைக்கு வருகிறவர்கள் பச்சையைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். சிம்பாங் பூலாய் சாலையில் ஏறி, கம்போங் ராஜா, கோலா தெர்லா, திரிங்காப் என்று காய்கறித் தோட்டங்களின் ஊடே வந்து, கியா ஃபார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பினால் கண் நிறைந்துவிடும். வண்டிகள் நிற்கின்றன; கைப்பேசிகள் உயர்கின்றன. அதே மலையில் இன்னும் இரண்டு வளைவு தள்ளி, பழுப்பும் கறுப்புமாய்க் கட்டைகள் மட்டும் நிற்கும் சரிவு ஒன்றும் இருக்கும். தீ தின்றுவிட்டுப் போன காடு என்றே புதிதாய் வருகிறவர் நினைப்பார். அங்கே யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. அது கவாத்து வெட்டிய தேயிலை. சிருஷ்டிகரின் கைவேலையைப் பார்க்க வேண்டுமென்றால் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

தேயிலை உண்மையில் மரம். அதன் போக்கில் விட்டால் முப்பது நாற்பது அடிகூட வளரும், பூத்துக் காய்க்கும், கொழுந்து குறைந்துபோகும். நாம் பார்ப்பது வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்தி வைத்த மரம். கொழுந்து எடுக்க எடுக்க கொப்பு மெலியும், முடிச்சு விழும், மேல்மட்டம் கைக்கு எட்டாமல் உயர்ந்துகொண்டே போகும். அதனால் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கத்தி இறங்குகிறது. ஒரே வீச்சில், சாய்வாக, கொப்பு பிளக்காமல் வெட்டத் தெரிந்தவருக்குத் தோட்டத்தில் தனி மதிப்பு. வெட்டிய பிறகு மிஞ்சுவது ஒரு கட்டையும் அதன்மேல் பல ஆண்டுப் பாசியும்தான். அந்தப் பாசியையும் சுரண்டி எடுப்பார்கள். வெட்டி விழுந்த இலையும் மிலாறும் செடியடியிலேயே கிடந்து மக்கும்.

ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-ல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1930-களில் நட்ட ஒரு செடி இன்றும் கொழுந்து தந்துகொண்டிருந்தால், அது இருபது தடவைக்கு மேல் கவாத்து கண்டிருக்கும். இருபது தடவை எல்லாவற்றையும் இழந்து, இருபது தடவையும் திரும்பி வந்த உயிர் அது.

எப்படி வருகிறது? வெயிலை உணவாக்குவது இலை. இலை போனால் செடிக்குச் சாப்பாடு இல்லை. கவாத்து வெட்டிய அன்றிலிருந்து புது இலை விரிகிற நாள்வரை, மலையின் குளிரில் அது இரண்டு மூன்று மாதமாகவும் ஆகலாம், அந்தக் கட்டை எதைத் தின்று உயிர் வாழ்கிறது? வேரில் இருப்பதைத் தின்று வாழ்கிறது. கொழுந்து கொடுத்துக்கொண்டிருந்த நல்ல காலத்தில், ஒவ்வொரு நாள் வெயிலிலும் கொஞ்சத்தை எடுத்து மாவுச்சத்தாக்கிக் கீழே அனுப்பி மண்ணுக்குள் சேர்த்து வைத்திருக்கிறது. மேலே நின்று பார்க்கிறவருக்கு இதில் எதுவும் தெரியாது.

இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் தேயிலைத் தோட்டங்களில் இதற்கொரு சோதனை உண்டு. கவாத்துக்கு நாள் குறிக்கும் முன் செடியடியைத் தோண்டி, பென்சில் பருமனில் ஒரு வேரை நறுக்கி எடுப்பார்கள். வெட்டுமுகத்தில் அயோடின் சொட்டு விடுவார்கள். வெளிறிய வேர் கண்ணெதிரே நீலக் கறுப்பாக மாறினால் உள்ளே மாவுச்சத்து நிறைந்திருக்கிறது என்று பொருள்; வெட்டலாம். நிறம் மாறாமல் அயோடினின் மஞ்சளாகவே நின்றால் கத்தியை எடுக்கக் கூடாது. வேர் வெறுமையாய் இருக்கும்போது வெட்டிய செடி துளிர்க்காமல் பட்டுப்போகும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கொப்பில் முன்பு இலை இருந்த இடந்தோறும் ஒரு மொட்டு பட்டைக்குள் உறங்கிக்கொண்டிருக்கிறது. நுனிக் குருத்து உயிரோடு இருக்கும்வரை அங்கிருந்து ஆக்சின் என்ற ஊக்கி கீழே இறங்கி, இந்த மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைக்கிறது. நுனி போனதும் அந்தத் தடை நீங்குகிறது. ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்த மொட்டை எழுப்புவது அந்த வெட்டுதான். சில தோட்டங்களில் ஒன்றிரண்டு கொப்பை இலையோடு விட்டு வைப்பதும் வழக்கம். செடி மூச்சுவிட அது. புதுத் துளிர் வந்து நிலைத்த பிறகு அதையும் எடுத்துவிடுவார்கள். வெட்டுகிறவரின் கையில் இவ்வளவு கணக்கும் இவ்வளவு இரக்கமும் இருக்கின்றன.

திராட்சைச் செடியையும் அதைச் சுத்தம் பண்ணும் தோட்டக்காரரையும் குறித்து இயேசு பேசியதை யோவான் 15-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். திராட்சைத் தோட்டத்தைக் கண்ணால் பார்த்திராத தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருந்ததில்லை. கவாத்து என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். வெட்டுகிறவர் செடியை வெறுத்து வெட்டுவதில்லை என்பதும் தெரியும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பாட்டியை நான் அறிவேன். கணவர் போய், மூத்த மகனும் போய், பேரப்பிள்ளைகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர். லயத்து வீட்டில் விளக்கு வைத்த பிறகு ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, முழங்காலில் நின்று சின்ன ஜெபம். இது அந்த வீட்டில் தப்பியதே இல்லை. அசதியில் பிள்ளைகள் தூங்கி விழுந்தாலும் விடமாட்டார். அந்த இருண்ட நாட்களில் எப்படித் தாங்கினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “அப்ப நான் ஒண்ணும் பெருசா ஜெபிக்கல தம்பி. வாயே வரல. முந்தி ஜெபிச்சதுதான் என்னைத் தாங்குச்சு” என்றார்.

அயோடின் சொட்டில் கறுத்துப்போகும் வேரைப் பற்றி நான் பின்னாளில் படித்தபோது இந்தப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது. விசுவாசம் என்றதும் நாம் பெரிய அற்புதங்களையும் பெரிய சாட்சிகளையும் தேடுகிறோம். தினமும் இரவில் கொட்டாவியோடு சொல்லும் ஜெபத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஞாயிறு காலையில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஆலயத்துக்கு நடப்பதையும், வருஷப்பிறப்பில் வாங்கிய வாக்குத்தத்த அட்டை சமையற்கட்டுச் சுவரில் புகை படிந்து தொங்குவதையும் யாரும் அதிசயம் என்று எழுதி வைப்பதில்லை. ஆனால் வேருக்குப் போவது அதுதான். வெட்டு விழுகிற நாளில் புதிதாகச் சேர்க்க நேரம் இருக்காது.

வெட்டுண்ட மரத்துக்கும் நம்பிக்கை இருக்கிறது, அதன் வேர் மண்ணில் பழையதாகி அடிமரம் பட்டுப்போனாலும் தண்ணீர் வாசனையால் துளிர்விடும் என்று யோபு தன் புத்தகத்தின் 14-ஆம் அதிகாரத்தில் பேசுகிறான். பிரசங்கங்களில் அதை ஆறுதல் வசனமாக எடுத்துச் சொல்கிறோம். யோபு அதைச் சொன்னது கசப்போடு. மரத்துக்கு இருக்கிற இந்தப் பாக்கியம் மனுஷனுக்கு இல்லையே என்பதுதான் அந்த இடத்தில் அவன் முறையீடு. ஐந்து அதிகாரம் கழிந்த பிறகே தன் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்று சொல்ல அவனுக்கு வாய் வருகிறது. நடுவில் இருக்கும் அந்த அதிகாரங்களையும் தாண்டிக் குதிக்காமல் வாசிக்க வேண்டும். கவாத்து வெட்டிய சரிவும் மறுவாரமே பச்சையாவதில்லை.

தனி மனிதர் கதை மட்டும் அல்ல இது. ஹட்சன் டெய்லர் 1865-ல் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷன், சீனாவில் புரட்சி வந்த பிறகு அந்த நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. 1953-க்குள் கடைசி மிஷனரிகளும் வெளியே வந்துவிட்டார்கள். எண்பது ஆண்டுக்கு மேலான உழைப்பு வேரோடு போனதென்றே அன்று பலரும் நினைத்தார்கள். சிங்கப்பூரைத் தலைமையிடமாக்கிக்கொண்டு அவர்கள் பிரிந்து போன இடங்களில் ஒன்று மலாயா. அங்கே அவசரகாலத்தில் சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய புதுக்கிராமங்களில் போய்த் தங்கி ஊழியம் செய்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கான சீஃபூ பள்ளி இந்தக் கேமரன் மலையில்தான் நடந்தது. விட்டுவந்த சீனாவில் என்ன ஆயிற்று? 1949-ல் ஏறக்குறைய பத்து லட்சமாக இருந்த புராட்டஸ்டன்ட் விசுவாசிகள் இன்று பல கோடி. மிஷனரி இல்லை, பல ஆண்டுகள் ஆலயக் கதவும் மூடியிருந்தது. வேரில் இருந்ததை வைத்துத் துளிர்த்தார்கள்.

வேர் தானாக நிறைந்துவிடாது. மேலிருந்து வர வேண்டியது வர வேண்டும். திரிங்காப்பிலிருந்து அண்ணாந்து பார்த்தால் பிரிஞ்சாங் மலையைப் பெரும்பாலும் மேகம் மூடியிருக்கும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்த உச்சியில் மரங்கள் குள்ளமாக, முறுக்கிக்கொண்டு, அடியிலிருந்து நுனிவரை பாசி போர்த்தி நிற்கின்றன. மழை பெய்யாத நாளிலும் அங்கே இலை சொட்டும். கடந்துபோகும் மேகத்தின் நுண்துளிகள் பாசியில் படிந்து, ஒன்றுசேர்ந்து, துளியாகி இறங்குகின்றன. ஸ்பாக்னம் என்னும் பாசி, காய்ந்த தன் எடையைப் போல் இருபது மடங்கு வரை தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஒரு பிடியை எடுத்துப் பிழிந்தால் முழங்கை வழியே தண்ணீர் ஓடும். எடுக்கக் கூடாது, காவலர்கள் சொல்லும் முன் நாமே அறிந்திருக்க வேண்டியது அது. அந்தக் காடு கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் ஓடையாகி, தெலோம் ஆறாகி, ஜெலாயில் கலந்து, கடைசியில் பகாங் நதியாகக் கடலுக்குப் போகிறது.

இந்த மேகம் செய்யும் இன்னொரு வேலை கொழுந்துக்குள் நடக்கிறது. தியானின் என்ற பொருள் தேயிலையின் வேரில் உண்டாகிக் கொழுந்துக்கு ஏறுகிறது. கடும் வெயில் பட்டால் அது சிதைந்து துவர்ப்புப் பொருள்களாக மாறிவிடும். மேகம் வெயிலைத் தணித்தால் தியானினாகவே தங்கி, தேநீருக்கு நாவில் நிற்கும் ஓர் இனிமையைக் கொடுக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, அடிப்பக்கம் வெள்ளி மயிர் படர்ந்த அந்தச் சின்னக் கொழுந்தில் ஒளிந்திருப்பது வேரின் சேமிப்பும் வானத்தின் தயவும். மூட்டம் போட்ட நாளை நாம் கெட்ட நாள் என்கிறோம். செடிக்கு அது இனிமை காக்கும் நாள்.

கிருபை என்று நாம் ஆலயத்தில் சொல்வதை இந்த மலையில் தோலில் உணரலாம். யாரும் சம்பாதிக்காத ஈரம் அது. அதிகாலையில் முகத்தில் படிகிறது, சட்டையை நனைக்கிறது. ஜெபம் பண்ணுகிறவர் கொல்லை, பண்ணாதவர் கொல்லை என்று பார்ப்பதில்லை. செமாய் பழங்குடி மக்களின் குடியிருப்பிலும், திரிங்காப் சீன விவசாயியின் கோஸ் பாத்தியிலும், வங்காளதேசத்திலிருந்து வந்து இன்று கொழுந்து வெட்டும் இளைஞனின் தலைத்துண்டிலும் ஒரே மேகம்தான் இறங்குகிறது.

அந்த ஈரத்தைத் தாங்கி வைத்துக்கொள்ளும் காட்டை அழித்தால் என்ன ஆகும் என்பதையும் இந்த மலை கண்டது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் ரிங்லெட் அணையிலிருந்து திறந்த தண்ணீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து வீடுகளைச் சேற்றால் மூடியது. உயிர்கள் போயின. மேட்டில் காடழித்த சரிவுகளிலிருந்து ஆண்டாண்டாய் வந்து சேர்ந்த மண் அந்த நீர்த்தேக்கத்தை ஏற்கெனவே தூர்த்திருந்தது. வானத்திலிருந்து வருவது மாறவில்லை. வாங்கிக்கொள்ளும் பாசியும் பிடித்து வைக்கும் வேரும்தான் இல்லாமல் போயிருந்தன. தேவன் படைத்ததை அதிசயம் என்று பாடுகிற நாம் அதைக் காப்பதையும் ஆராதனையாக எண்ண வேண்டும் என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றுகிறது.

இன்று தோட்டங்களில் பெரும்பாலும் இயந்திரம் கொழுந்தெடுக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். போனதில் தவறில்லை, அதற்காகத்தானே பெற்றவர்கள் முதுகு வளைந்தார்கள். மலையில் மிஞ்சியிருப்பது சின்னச் சபைகள், வயதான குரல்கள். அறுப்பின் பண்டிகைக்கு அவர்கள் கொண்டுவந்து படைக்கும் கோஸும் தக்காளியும் கீரைக்கட்டும் பட்டணத்து ஆலயங்களின் காணிக்கைக்குக் கொஞ்சமும் குறைந்தவை அல்ல.

ஆண்டுதோறும் பட்டணத்துச் சபைகள் பல கேமரன் மலையில் முகாம் போடுகின்றன. அவற்றை நடத்தும் போதகர்களிடமும் வாலிபர் தலைவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை வரும்போது ஞாயிறு ஆராதனையை விடுதி மண்டபத்தில் நீங்களே நடத்திக்கொள்ளாதீர்கள். மலையில் இருக்கும் தமிழ்ச் சபைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர்களோடு போய் உட்காருங்கள். அங்குள்ள பெரியவர் ஒருவரைச் சாட்சி சொல்லக் கேளுங்கள். திரும்பும் வழியில் கவாத்து வெட்டிய சரிவு கண்ணில் பட்டால் பேருந்தை நிறுத்தி, பிள்ளைகளை இறக்கிக் காட்டுங்கள். கட்டையின் பட்டையில் அரிசி அளவு பச்சை முளைத்திருக்கிறதா என்று அவர்களே தேடிப் பார்க்கட்டும்.