சிறைக்குள் ஒரு கல்லூரி

குற்றத்திற்குத் தண்டனை உண்டு. இதில் இருவேறு கருத்தில்லை. ஆயின் தண்டனை முடிந்தபின் அம்மனிதன் எங்கே செல்வான்? சிறைப்பட்டோரில் பெரும்பாலோர் ஒருநாள் ஊருக்குத் திரும்புபவரே. எத்தகையோராய்த் திரும்புகின்றனர் என்பதைப் பொறுத்தே அவ்வூரின் நலமும் அமையும். சிறைக்கல்வியின் தேவை இங்கேதான் விளங்குகின்றது.

சிறைப்பட்டோரையும் கல்வியையும் இணைத்த செய்தி இஸ்லாமிய வரலாற்றில் உண்டு. கி.பி. 624இல் நிகழ்ந்த பத்ருப் போரில் பிடிபட்டவருள், மீட்புப் பணம் செலுத்த இயலாத, எழுத்தறிந்தோர் சிலர், மதீனாச் சிறுவர் பதின்மருக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றனர் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். கைதியிடமும் ஊருக்குப் பயன்படும் செல்வம் உண்டு என்பதே இதன் உட்பொருள்.

அவ்வுண்மைக்கு நம் காலச் சான்றினை, கைதிகள் மிகுந்த அமெரிக்க நாட்டில் காணலாம். 1946இல் சிறைபுகுந்த மால்கம் எக்ஸ், கடிதம் எழுதவும் சொற்கள் போதாமை கண்டு, அகராதியைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்தார். நார்ஃபோக் சிறையின் நூலகமே அவருக்குக் கல்லூரி ஆயிற்று. 1952இல் விடுதலை பெற்று, கறுப்பின மக்களின் உரிமைக்குக் குரல் கொடுத்த தலைவராய் அவர் உயர்ந்தமைக்கு அக்கல்வியே அடித்தளம்.

மால்கம் தாமே தேடிக்கொண்ட கல்வியைப் பிற கைதிகள் உரிமையாகவே கேட்டனர். 1971இல் அட்டிகா சிறையில் கிளர்ந்தெழுந்தோரின் கோரிக்கைகளுள் கல்வியும் ஒன்று. ஏழை மாணவர்க்கு நடுவண் அரசு வழங்கிய பெல் உதவித்தொகையைக் கொண்டு சிறைகளுள் கல்லூரி வகுப்புகள் பெருகின. ஆனால், 1994ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம் அவ்வுதவியைக் கைதிகளுக்கு மறுத்தது. அவர்கள் பெற்றுவந்தது மொத்த நிதியில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவே. எனினும் அது நின்றதும் பெரும்பாலான வகுப்புகள் மூடுண்டன.

அவ்விருளில் விளக்கேற்றியவர் ஒரு மாணவர் என்பது நம் மாணவச் செல்வங்கள் கருதத்தக்கது. நியூயார்க் மாநிலத்துப் பார்டு கல்லூரியில் பயின்ற இளைஞர் ஒருவர் 1999இல் தொடங்கிய முயற்சி, 2001இல் சிறைக்குள் பட்ட வகுப்பாய் மலர்ந்தது. இணைய வசதியற்ற அச்சிறை மாணவரின் விவாத அணி 2015இல் ஹார்வர்டு பல்கலைக்கழக அணியை வென்றது.

இதன் பயன் யாது? சிறையில் கல்வி பெற்றோர் மீண்டும் குற்றத்திற்குத் திரும்பும் வாய்ப்பு 43 விழுக்காடு குறைவு என்றும், கல்விக்குச் செலவாகும் ஒவ்வொரு டாலரும் மறுசிறைச் செலவில் நான்கு முதல் ஐந்து டாலரை மிச்சப்படுத்துகின்றது என்றும் ராண்டு நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வு கணித்தது. மறுக்கப்பட்ட உதவித்தொகையும் 2023 சூலையில் மீண்டும் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறையின் வாய்ப்பு வீணாயிற்று.

எனினும், சிறைக்கதவு திறந்தால் மட்டும் போதாது. ஊரின் கதவும் திறத்தல் வேண்டும். வேலை விண்ணப்பத்தின் முதற்பக்கத்திலேயே 'தண்டனை பெற்றதுண்டா?' என்று வினவினால், கற்றவனும் வாசலிலேயே நின்றுவிடுவான். அவ்வினாவைப் பிந்தைய கட்டத்திற்குத் தள்ளும் சட்டத்தை ஹவாய் மாநிலம் 1998இல் இயற்றிற்று. இக்கோரிக்கையை நாடெங்கும் இயக்கமாக வளர்த்ததில் முன்னின்றோர், சிறை மீண்டவர்களே.

கல்வி ஒருவனைத் திருத்தலாம். அவனை மீட்பது சமுதாயமே. திரும்பி வருபவனுக்கு ஒரு வேலையும், அமர ஓர் இடமும், பழையதைச் சொல்லிக் காட்டாத ஒரு நாவும் நாம் அளிப்போமாயின், அவன் கற்ற கல்வி நம் ஊருக்கே உடைமையாகும்.