மறந்துபோன முதல் கோப்பை
1937இல் பெங்களூர் கிளப் ஒன்று வெள்ளைப் பட்டாளங்களின் கோப்பையைத் தட்டிப் பறித்தது. இன்று அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

பெங்களூர் அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு இன்னொருவருக்கும் சிலை இருக்கிறது: பெலே. தமிழர்கள் நிறைந்த இந்தப் பகுதிக்குக் 'குட்டி பிரேஸில்' என்று பெயர். ஆனால் பெலே பிறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இந்திய கால்பந்தில் புதிய பக்கத்தைத் திறந்த உள்ளூர் கிளப்பின் பெயரைச் சொன்னால், இளைய ரசிகர்கள் பலர் விழிப்பார்கள். அதன் பெயர் பெங்களூர் முஸ்லிம்ஸ்.

பெங்களூருக்குக் கால்பந்து வந்தது பட்டாளத்தோடு. 1809இல் பிரிட்டிஷார் அமைத்த தண்டுப் பகுதியில் சிப்பாய்கள் மாலையில் பந்தாடினார்கள். சென்னை மாகாணப் படைகளோடும் பிழைப்பு தேடியும் வந்து குடியேறிய தமிழர்கள், உருது பேசும் முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஆடவும் கற்றார்கள். அல்சூர், சிவாஜி நகர், ஆஸ்டின் டவுன் பகுதிகளின் திடல்களில் வெறுங்கால் ஆட்டக்காரர்கள் உருவானார்கள்.

அந்தக் காலத்தின் பெரிய பந்தயங்களில் ஒன்று பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை. 1891 முதல் அது பிரிட்டிஷ் ரெஜிமென்ட்களின் தனிச் சொத்தாக இருந்தது. 1923இல் மோகன் பகான் இறுதி ஆட்டம் வரை வந்து, டர்ஹாம் காலாட்படையிடம் தோற்றுத் திரும்பியது. 1937இல்தான் அந்தக் கதை மாறியது. இறுதியில் எதிரெதிரே நின்ற இரு அணிகளும் இந்திய அணிகள். ஒன்று, 1934 முதல் கல்கத்தா லீக்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காத முகமதன் ஸ்போர்ட்டிங். மற்றொன்று பெங்களூர் முஸ்லிம்ஸ். ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் பெங்களூர் வென்றது. ரோவர்ஸ் கோப்பையைக் கைப்பற்றிய முதல் இந்திய கிளப் என்ற பெருமை அதற்குக் கிடைத்தது.

குருட்டு அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்லிவிட முடியவில்லை. மறு ஆண்டே இறுதியில் ஆர்கைல் அண்ட் சதர்லண்ட் ஹைலாண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் பட்டாளத்தை 3-2 என்று சாய்த்துக் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. 1948இல் மோகன் பகானை வென்று மூன்றாவது முறையும் வாங்கியது.

1911இல் மோகன் பகான் வெள்ளையர் ரெஜிமென்டை வென்று ஐ.எப்.ஏ. ஷீல்டு வாங்கியதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். 1937 ஏன் நினைவில் நிற்கவில்லை? கல்கத்தாவில் வெற்றியைக் கதையாக்க நாளேடுகள் இருந்தன, பாடிக் கொண்டாட ஒரு மொழி இருந்தது. தமிழும் உருதுவும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து புழங்கிய தண்டுப் பகுதியின் வெற்றியை எந்த மொழியும் தனதாக்கிக்கொள்ளவில்லை. இறுதி ஆட்டத்தில் வெள்ளையர் அணி இல்லாததால் அது தேசியக் கதையாகவும் ஆகவில்லை.

கிளப்பின் ஆட்டக்காரர்களையும் கல்கத்தாவே ஈர்த்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் இந்தியா 1-2 என்று தோற்றபோது, இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். அதே அணியில் ஆடிய அகமது கான் பெங்களூர் முஸ்லிம்ஸில் பெயர் எடுத்தவர். மறு ஆண்டே அவர் ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போனார். அங்கே 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடப்பட்ட ஐவரில் அவரும் ஒருவர், பெங்களூர்க்காரரான தன்ராஜும் ஒருவர்.

பிறகு ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற தொழிற்சாலைகள் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தன. மாதச் சம்பளத்தோடு போட்டியிட பேட்டைக் கிளப்களால் முடியவில்லை. ரோவர்ஸ் கோப்பையும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோனது.

2013இல் பெரிய நிறுவனத்தின் முதலீட்டோடு பிறந்த பெங்களூரு எப்.சி., முதல் பருவத்திலேயே ஐ லீக் பட்டத்தை வென்றது. கண்டீரவா அரங்கில் நீல உடை ரசிகர்கள் அலைமோதினார்கள். 2023இல் கர்நாடகம் 54 ஆண்டுகளுக்குப் பிறகு சந்தோஷ் கோப்பையை வென்றது. பெங்களூர் இப்போதுதான் கால்பந்து ஊரானது என்று நினைப்பவர்கள், ஒரு மாலை கௌதமபுரம் பக்கம் போய்ப் பார்க்கலாம். பெலேயின் சிலைக்குப் பக்கத்தில் இன்னும் பதினோரு பேருக்கு இடம் பாக்கி இருக்கிறது.