ஒட்டுத்தூளும் மழைக்கால ஈரமும்

புனே நகரிலிருந்து நாசிக் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் சாகண் என்னும் ஊர் அமைந்துள்ளது. நெடுங்காலமாக வெங்காயச் சந்தைக்குப் பெயர் பெற்ற இவ்வூர், அண்மைப் பத்தாண்டுகளில் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் செறிந்த பெருந்தொழில் வட்டாரமாகவும் வளர்ந்துள்ளது. தொழிற்சாலைகள் மிகுந்த இடங்களில் பணியாளரின் சீருடைகளிலும் விளையாட்டுக் குழுவினரின் சட்டைகளிலும் பெயரும் இலச்சினையும் பதித்துத் தரும் வேலைக்கு ஓயாத தேவை உண்டு. சிறு முதலீட்டில், ஓரிருவர் உழைப்பில் நடைபெறக்கூடியது இவ்வேலை. இதில் பயன்படும் ஒரு வெண்ணிறத் தூளைக் கெடாமல் காக்கும் முறையே இங்கு விளக்கப்படுகிறது.

டி.டி.எப். என்று வழங்கும் இவ்வச்சு முறையில் துணியின்மீது நேரே அச்சிடுவதில்லை. முதலில் பாலியெஸ்டர் பிலிம் ஒன்றின்மீது உருவம் இடவலம் மாறி அச்சிடப்படுகிறது; வண்ண மையின்மேல் வெள்ளை மை பரவுகிறது. மை ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் ஒட்டுத்தூளைத் தூவி, மிகுதியை உதறிவிடுகின்றனர். மை உள்ள இடத்தில் மட்டும் தூள் ஒட்டி நிற்கும். பின்னர் அப்பிலிமை 110 முதல் 130 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள அடுப்பில் சில நிமிடங்கள் வைக்க, தூள் உருகிப் படலமாகிறது. இறுதியாக, பிலிமைத் துணிமேல் கவிழ்த்து, ஹீட் பிரஸ் எனப்படும் வெப்ப அழுத்தப் பொறியில் 150 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் பத்துப் பதினைந்து விநாடிகள் அழுத்துகின்றனர். படலம் மீண்டும் உருகி நூலிழைகளுக்குள் புகுந்து பற்றிக்கொள்கிறது. ஆகவே, சட்டையில் காணப்படும் படத்தின் அழகு மையைப் பொறுத்தது. அது சட்டையில் நிலைத்து நிற்பது தூளைப் பொறுத்தது.

தூளின் குறை உடனே வெளிப்படுவதில்லை என்பதே இதிலுள்ள பெருஞ்சிக்கல். பொறியிலிருந்து எடுக்கும்போது நன்றாகத் தோன்றும் படம், மூன்றாவது நான்காவது சலவையில் ஓரம் தூக்கி உரிந்துவிடக்கூடும். அதற்குள் நூறு சட்டைகளும் ஒப்படைக்கப்பட்டிருக்கும். சட்டைகளின் விலை முழுவதும் அச்சிட்டவர் தலையில் விழுகிறது. ஒரு கிலோ தூளின் விலையை இந்நட்டத்தோடு ஒப்பிடவே இயலாது. தூள் கெட்டதென்று அறியாதவர்கள் பொறியின் வெப்பத்தைக் கூட்டிப் பார்ப்பர். மையை மாற்றிப் பார்ப்பர். துணி மட்டமானது என்றும் கூறுவர். உண்மைக் காரணமோ மூலையில் வாய் திறந்து கிடக்கும் பையாக இருத்தல் கூடும்.

தொழிலாளர் பவுடர் என்றே அழைக்கும் இவ்வொட்டுத்தூள் பெரும்பாலும் பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்தது. வெப்பத்தில் உருகி, குளிர்ந்தால் மீண்டும் இறுகும் இயல்புடையது. பாலியூரித்தேன்களை 1937ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவர்தம் உடனுழைப்பாளரும் முதன்முதல் உருவாக்கினர். பாலிஅமைடு, அதாவது நைலான் இனத்தைச் சேர்ந்த தூளும், பாலியெஸ்டர் இனத்துத் தூளும் உண்டு. இவற்றுள் முதலிரண்டும் ஈரத்தை விரும்பிப் பற்றும் மூலக்கூறுகளைக் கொண்டவை. நீர்த்துளி விழவேண்டும் என்பதில்லை. காற்றிலுள்ள நீராவியே போதுமானது.

தூளாக்கப்பட்ட பொருள், கட்டியாக உள்ள அதே பொருளைவிட விரைவாக ஈரம் ஏற்பதற்குக் காரணம் அதன் மேற்பரப்பாகும். ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள மணிகள் கொண்ட ஒரு கிலோ தூளைக் கருதுவோம். அம்மணிகள் அனைத்தின் மேற்பரப்பையும் கூட்டினால் ஏறத்தாழ 50 சதுர மீட்டர் ஆகும். நடுத்தரமான ஒரு வீட்டின் தரைப்பரப்பை இதற்கு ஒப்பிடலாம். அவ்வளவு பரப்பும் காற்றை நோக்கித் திறந்திருக்கிறது. மணியின் குறுக்களவு பாதியானால் மேற்பரப்பு இருமடங்காகும். மெல்லிய கோடுகளுக்கென வாங்கப்படும் நுண்தூள் பருந்தூளினும் விரைவில் கெடுவது இதனாலேயே.

காற்றில் எவ்வளவு நீர் உள்ளது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 10 அடியுள்ள அறையில் சற்றேறக்குறைய 28 கன மீட்டர் காற்று அடங்கும். புனே வட்டாரத்தில் ஏப்ரல் மாதப் பிற்பகலில் வெப்பம் 38 டிகிரியும் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 20ம் இருக்கையில், அவ்வறைக் காற்றிலுள்ள நீராவி சுமார் 260 கிராம். ஜூலையில் வெப்பம் 28 டிகிரிக்குத் தாழ்ந்து ஈரப்பதம் நூற்றுக்கு 85 ஆகும்பொழுது அதே அறையில் சுமார் 650 கிராம் நீர் கண்ணுக்குப் புலப்படாமல் நிற்கிறது. சன்னல் திறந்திருப்பின் இதற்கு எல்லையே இல்லை. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி ஜூலை மாதமே எனலாம். பனியன் தொழில் நடைபெறும் திருப்பூரில் வடகிழக்குப் பருவமழைக் காலமாகிய அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூடுதல் கவனம் வேண்டும்.

ஈரம் தூளை மூன்று வகையில் கெடுக்கிறது. முதலாவதாக, மணிகள் தொடும் இடங்களில் நுண்ணிய நீர்ப்பாலங்கள் தோன்றி அவற்றைப் பிணைக்கின்றன. தூள் சீராகப் பாயாமல் கட்டியாகிறது. கட்டி விழுந்த இடத்தில் படலம் தடித்தும், அடுத்த இடத்தில் வெறுமையாகவும் அமையும். இரண்டாவதாக, ஈரத்தூள் மை இல்லாத இடத்திலும் பிலிமோடு ஒட்டி, படத்தைச் சுற்றிப் பொரிபொரியாகக் கறைபோல் நிற்கும். மூன்றாவது கேடு அடுப்பில் நேர்வது. ஒரு கிராம் நீர் கொதிநிலையில் ஆவியானால் ஏறத்தாழ 1,700 கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும். உருகும் படலத்திலிருந்து இவ்வாவி வெளியேறும்போது ஊசித்துளைகளும் கொப்புளங்களும் உண்டாகின்றன. சிறிதளவு ஈரமாயின் அடுப்பிலேயே போய்விடும். ஆயினும் நெடுநாள் ஈரத்திலும் வெப்பத்திலும் கிடந்த தூளில் நீர் மூலக்கூற்றுச் சங்கிலிகளையே சிறிது சிறிதாக அறுத்துவிடுகிறது. அத்தகைய தூளைப் பின்னர் எவ்வளவு உலர்த்தினாலும் பழைய பிடிப்பு மீளாது.

வெங்காயமும் தூளும்

சாகண் வட்டார உழவர்கள் சேமிப்புக் கலையை அறியாதவர்கள் அல்லர். கோடையில் அறுவடையாகும் வெங்காயத்தை மழைக்காலம் முழுதும் காப்பதற்கு அவர்கள் அமைக்கும் கொட்டகை, மராத்தியில் காந்தா சாள் எனப்படும். தரையிலிருந்து உயர்த்திய தளம், இடைவெளி விட்ட பக்கச்சட்டங்கள், அளவோடு நிறுத்திய குவியல் ஆகியவை அதன் சிறப்புகள். அருகிலுள்ள ராஜகுருநகரில் வெங்காயம், பூண்டு ஆராய்ச்சிக்கென ஒரு மத்திய நிலையமும் இயங்குகிறது. வெங்காயம் உயிருள்ள பொருள்; அது மூச்சுவிடுகிறது, வெப்பமும் ஈரமும் வெளியிடுகிறது; எனவே காற்று ஊடுருவிச் செல்லுதல் அதற்கு இன்றியமையாதது.

ஒட்டுத்தூளுக்கோ இதற்கு நேர்மாறான சேமிப்பு வேண்டும். காற்றோட்டம் அதற்குப் பகை. வெங்காயத்துக்குப் பழகிய கையினர், "காற்றுப் படட்டும்" என்று நல்லெண்ணத்துடன் பையின் வாயைத் திறந்து வைப்பதுண்டு. அன்றே கேடு தொடங்கிவிடுகிறது. தரையிலிருந்து உயர்த்தி வைப்பதும், உயரமாக அடுக்காமலிருப்பதும் ஆகிய இரண்டில் மட்டும் வெங்காயமும் தூளும் ஒத்துப்போகின்றன. மழைக்காலத்தில் சிமெண்டுத் தரை ஈரம் கசியும். மரச்சட்டத்தின்மீது, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தல் நன்று. பல பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடிப்பையின் மணிகள் அழுத்தத்தால் நெருங்கி ஒட்டிக்கொள்ளும்.

மழையில் தூளைக் காக்கும் கலை சாகணுக்குப் புதிதும் அன்று. இங்குள்ள சங்கிராம துர்க்கம் என்னும் கோட்டையை 1660ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மொகலாயத் தளபதி ஷாயிஸ்தா கானின் படை ஏறத்தாழ இரண்டு மாதம் முற்றுகையிட்டது. பிரங்கோஜி நர்சாளா கோட்டையைக் காத்து நின்றார். முடிவில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்தே கொத்தளம் தகர்க்கப்பட்டது. அம்மழையிலும் அம்மருந்தை உலர்வாக வைத்திருந்தனர் என்பது அது வெடித்ததிலிருந்தே விளங்கும்.

சேமிக்கும் முறை

தூளை அது வந்த பையிலேயே வைத்திருப்பது நலம். பையைத் திறந்தபின் உள்ளிருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை மடித்து இறுகக் கட்டி, அதனை ரப்பர் வளையமுள்ள மூடியோடு கூடிய பிளாஸ்டிக் டப்பாவில் இடவேண்டும். பெரிய பையை நாள்தோறும் திறப்பதைவிட, ஒரு வாரத் தேவையைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு பெரிய பையைத் தொடாமல் விடுவதே சிக்கனம். டப்பாவினுள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைக்கலாம். அவை தம் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரம் ஏற்கும். நிறம் மாறும் வகையாயின் எப்போது நிறைந்தது என்பதும் தெரியும். சுமார் 120 டிகிரியில் சூடாக்கினால் அவை மீண்டும் பயன்படும். கால்சியம் குளோரைடு மலிவானதாயினும், ஈரம் ஏற்றுத் தானே நீராகிவிடுமாதலால், தூளின் அருகில் வைக்கத் தகாது.

வெப்பநிலை 30 டிகிரிக்கு மேற்படாமலும் நாள்தோறும் பெரிதும் ஏறி இறங்காமலும் இருத்தல் வேண்டும். தகரக் கூரையின் அடியிலுள்ள பரண், அடுப்பின் அருகு, வெயில் விழும் சன்னலோரம் மூன்றும் விலக்கத்தக்கவை. தூள் உருகுவதற்கு நூறு டிகிரி அளவு வெப்பம் வேண்டுமாயினும், அதற்கு வெகு முன்னரே மணிகளின் மேற்புறம் இளகி ஒன்றோடொன்று பற்றத் தொடங்கும்.

குளிர்சாதன அறையில் வைப்போர் பெரும்பாலும் செய்யும் பிழையொன்று உண்டு. 21 டிகிரி குளிர்ச்சியுள்ள பையை மழைநாளில் வெளியே எடுத்து உடனே திறக்கின்றனர். வெளியே 28 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 85 ஈரப்பதமும் இருப்பின், ஏறத்தாழ 25 டிகிரிக்குக் குறைந்த எந்தப் பொருளின்மீதும் பனித்துளி படியும். குளிர்ந்த செம்பின் புறத்தே நீர் முத்திடுவதை அறியாதார் இல்லை. அதுவே இங்குத் தூளின் ஒவ்வொரு மணிமீதும் நிகழ்கிறது. பையைக் கட்டியபடியே வேலையறையில் சில மணி நேரம், இயன்றால் ஓரிரவு, வைத்திருந்து, அறையின் வெப்பத்தை அடைந்தபின் திறப்பதே முறை.

உதறி எடுத்த மிகுதித் தூளைப் புதிய பையில் கொட்டுதல் கூடாது. அது காற்றில் ஈரம் ஏற்றிருக்கும். மைத்துளியும் நூல் தும்பும் கலந்திருக்கும். அதனைச் சலித்து, தனி டப்பாவில் வைத்து, புதிய தூளுக்கு முன்னதாகவே செலவிடவேண்டும். டப்பாவின்மேல் வாங்கிய நாளையும் திறந்த நாளையும் எழுதி, முன் வந்ததை முன் பயன்படுத்துவது பயனுள்ள வழக்கம்.

அச்சிடும் அறை மிகவும் வறண்டிருப்பதும் நன்மை தராது என்பதைக் கள அலுவலர் மறவாமல் கூறவேண்டும். கோடையில் ஈரப்பதம் நூற்றுக்கு 40க்குக் கீழ் இறங்கினால் பிலிமில் நிலைமின்சாரம் தேங்கும். உலர்ந்த தூள் அதனால் ஈர்க்கப்பட்டு மை இல்லாத இடங்களில் ஒட்டும். மழைக்கால ஈரத்தால் வரும் குறையும் கோடை வறட்சியால் வரும் குறையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மருந்தோ வெவ்வேறு. ஈரமானி ஒன்றைச் சுவரில் மாட்டிப் பார்த்தாலன்றி வேறுபடுத்த இயலாது. வேலையறைக்கு 40 முதல் 60 வரை பொருத்தமான அளவு. சேமிப்பு டப்பாவின் உட்புறமோ இயன்ற அளவு உலர்ந்திருக்கவேண்டும்.

பள்ளியில் செய்து காட்டத்தக்க சோதனையொன்று உண்டு. ஒரே பையிலிருந்து இருபது இருபது கிராம் தூளை இரு தட்டுகளில் பரப்பி, ஒன்றை ஈரத்துணி வைத்த மூடிய பாத்திரத்திலும், மற்றதைச் சிலிக்கா ஜெல் வைத்த மூடிய பாத்திரத்திலும் ஓரிரவு வைக்கவேண்டும். ஈரத்துணி தூளைத் தொடலாகாது. மறுநாள் இரண்டையும் நுட்பமான தராசில் நிறுத்து, ஒரே புனலின் வழியாகக் கொட்டி, ஒவ்வொன்றும் வழிந்து முடிய ஆகும் விநாடிகளைக் குறிக்கச் செய்யலாம். எடை வேறுபாடு சிறிதே ஆயினும் பாயும் வேகத்தின் வேறுபாட்டை மாணவர் எளிதில் உணர்வர்.

அச்சுக்கூடத்திற்கு இதனினும் எளிய வழி போதும். ஒரு பிடி தூளை அழுத்தி விரித்தால் உடனே உதிரவேண்டும். உருண்டையாக நின்றால் ஐயத்திற்குரியது. ஐயமான தூளைக் கொண்டு கழிவுத்துணியில் ஒரு படம் பதித்து, ஒரு நாள் கழித்து வெந்நீரில் துவைத்து இழுத்துப் பார்த்தபின்னரே வாடிக்கையாளரின் சட்டையில் கைவைக்க வேண்டும். லேசாகக் கட்டியான தூளைச் சலித்து, 40 டிகிரிக்கு மேற்படாத உலர்ந்த சூட்டில் பரப்பிச் சில மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் சீராகும். அதற்குப் பின்னும் கல்போல் நிற்பதை வேலைக்குக் கொள்ளலாகாது.

சலிக்கும்போது மூக்கையும் வாயையும் முகமூடியால் மறைத்துக்கொள்வது அவசியம். காற்றில் மிதக்கும் நுண்தூள் மாவைப்போலவே தீப்பற்றக் கூடியதாகையால், அவ்வேளையில் பீடி, ஊதுவத்தி, திறந்த அடுப்பு எதுவும் அருகில் இருத்தல் கூடாது. சிந்திய தூளை விசிறியால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.